நிலை நேராக இருந்தால்தான் கதவு நேராக நிற்கும்
வாசகர் கேள்வி – பதில்: தலைவாசல் கதவு

தலைவாசல் கதவை மாற்றுவது பற்றி எழுதும் வாசகர்கள் பலர் முதலில் கேட்பது, எந்த டிசைன் நன்றாக இருக்கும் என்பதைத்தான். அது அவரவர் விருப்பம். பத்து வருடம் கழித்தும் கதவு ஒரு விரலால் தள்ளினால் திறக்குமா, தோளைக் கொடுத்து இடிக்க வேண்டியிருக்குமா என்பது நிலை, கீல், அடிவிளிம்பு ஆகிய மூன்றைப் பொறுத்தது. அவை தொடர்பான கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

20 வருடத்து வீடு. தலைவாசலில் பிளஷ் கதவு (ஒட்டுப்பலகைத் தட்டைக் கதவு) போட்டிருந்தோம். கீழ் ஓரம் உப்பி ஏடு ஏடாகப் பிரிகிறது. நிலை தேக்கு, பார்க்க நன்றாகவே இருக்கிறது. நிலையை விட்டுவிட்டுத் தேக்குக் கதவு மட்டும் மாட்டலாமா?
– வாசகர், திருச்சி

மாட்டலாம். ஆனால் நிலை நன்றாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். வாசக்கால் (நிலையின் நெட்டுச் சட்டம்) இரண்டிலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். டங்கென்று எதிர்த்தால் சரி. மெத்தென்று உள்ளே போனால் பெயின்ட் மட்டுமே மிச்சம், மரம் இல்லை.

அடுத்து, கால்கள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்க்கத் தூக்குக் குண்டு. இரண்டு காலுக்கும் முன்முகத்திலும் பக்க முகத்திலும் பிடித்துப் பாருங்கள். மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து, வித்தியாசம் ஒரு நூலுக்குள் (3 மி.மீ.) இருந்தால் கவலை இல்லை. இரண்டு நூல் வரை கதவை இழைத்துச் சமாளிக்கலாம்.

பலர் விட்டுவிடுகிற சோதனை ஒன்று உண்டு. நிலையின் எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் அவை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ, ஒன்று மற்றதை அழுத்தினாலோ நிலை முறுக்கியிருக்கிறது. அதில் எவ்வளவு நேரான கதவை மாட்டினாலும் மேலே இடிக்கும், கீழே அரை இஞ்ச் திறந்து நிற்கும். பழி கதவு செய்த ஆசாரி மேல் விழும்.

கடைசியாகக் காடி, அதாவது கதவு உட்கார நிலையில் எடுக்கும் பள்ளம். உங்கள் பிளஷ் கதவு 30 அல்லது 32 மி.மீ. கனம் இருக்கும், நிலையின் காடியையும் அதற்குத்தான் எடுத்திருப்பார்கள். தேக்குக் கதவு 38 மி.மீ. கனத்தில் வந்தால் நிலையைத் தாண்டி 6 முதல் 8 மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும், கீல் சரியாக உட்காராது, தாழ்ப்பாளும் நாதாங்கியும் நேர்கோட்டில் வராது. எனவே ஆர்டர் கொடுக்கும் முன்பே காடியை அந்த அளவுக்குக் கூடுதலாக எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் மெஷின் உள்ள ஆசாரிக்கு அது அரை நாள் வேலை.

அளவு எடுக்கும்போது அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை இரண்டு ஓரத்திலும் அளக்க வேண்டும். அவற்றில் சிறிய அளவே கணக்கு. அதில் பக்கத்துக்கு ஒரு நூல், மேலே ஒரு நூல், அடியில் இரண்டு நூல் கழித்துச் சொல்லுங்கள். பூட்டு வரும் விளிம்பில், காடிக்குள் முதலில் நுழையும் முகத்தை 2 மி.மீ. சாய்த்து இழைக்கச் சொல்லுங்கள். அந்தச் சாய்வு இல்லாவிட்டால், இடுக்கு சரியாக இருந்தும் மூடும்போது விளிம்பு உரசும்.

பழைய கீல்களைத் திரும்ப மாட்டாதீர்கள். சட்டமும் பலகையுமாகச் செய்த தேக்குக் கதவு ஏறத்தாழ 40 கிலோ வரும். 5 இஞ்ச் நீளம், 3 மி.மீ. கனமுள்ள எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) அல்லது பித்தளைக் கீல் குறைந்தது மூன்று வேண்டும். நான்கு இருந்தால் நிம்மதி. எடை முழுவதும் மேல் கீலைத்தான் பிடித்து இழுக்கும். அதனால் மூன்று கீல் போடுகிறவர்கள் நடுக்கீலைச் சரிபாதியில் வைக்காமல் மேலே தள்ளி வைப்பது நல்லது. மேல் கீலுக்கு 50 மி.மீ. ஸ்க்ரூ. பித்தளை ஸ்க்ரூவை நேரடியாகத் தேக்கில் ஏற்றினால் தலை முறியும். முதலில் இரும்பு ஸ்க்ரூவை ஏற்றிக் கழற்றுங்கள், பிறகு பித்தளை ஸ்க்ரூவில் மெழுகு தேய்த்து முடுக்குங்கள். பழைய கீல் இருந்த பள்ளங்களில் அதே மரத்துண்டை ஒட்டி இழைத்துவிட வேண்டும். பட்டி வைத்து மூடினால் ஒரே மழையில் தெரிந்துவிடும்.

மரக்கடையில் கன அடிக் கணக்கு சொல்கிறார்கள். ஒரு கதவுக்கும் நிலைக்கும் எவ்வளவு மரம் பிடிக்கும்? பர்மா தேக்கு என்று சொல்வதை நம்பலாமா?
– வாசகி, சேலம்

கணக்கு எளிது. அகலம் (இஞ்ச்) × கனம் (இஞ்ச்) × நீளம் (அடி) ÷ 144. வெளி அளவு 7 அடிக்கு 3½ அடி, 5 இஞ்சுக்கு 3 இஞ்ச் சட்டத்தில் நான்கு பக்க நிலை என்றால் மொத்த நீளம் 21 அடி. 5 × 3 × 21 ÷ 144 = 2.19 கன அடி. அந்த நிலைக்குள் உட்காரும் கதவு சுமார் 37க்கு 79 இஞ்ச். 5 இஞ்ச் அகல நெடுஞ்சட்டம் இரண்டு, குறுக்குச் சட்டம் மூன்று, எல்லாம் அறுத்த கனம் 1¾ இஞ்ச், நடுவில் 1 இஞ்ச் பலகை என்று வைத்தால் 2.6 கன அடி வருகிறது. இரண்டும் சேர்த்து 4.8. சேதாரம் பத்துப் பன்னிரண்டு சதவீதம் போட்டால் ஐந்தரைக்குள் முடிய வேண்டும். ஏழு, எட்டு என்று எழுதிக் கொடுத்தால் துண்டு துண்டாகக் கணக்குக் கேளுங்கள். வாள் போகும் தடத்துக்கும் சேர்த்துக் காசு வாங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அறுத்த பிறகு அளந்து தரச் சொல்வதே நல்லது.

பர்மா விஷயம். 2014 ஏப்ரல் முதல் மியான்மர் (பழைய பர்மா), அறுக்காத மரத்தை உருட்டாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. எனவே "இப்போதுதான் இறங்கிய பர்மா உருட்டு" என்றால் சந்தேகப்படுங்கள். நைஜீரியா, கானா என்று சொல்லி விற்பவை பெரும்பாலும் தோட்டத் தேக்கு. அதுவும் தேக்குதான், இள மரமாக வெட்டியிருந்தால் வைரம் (உறுதியான நடுமரம்) குறைவு, வெளிறு (வெளுத்த ஓர மரம்) அதிகம், அவ்வளவுதான். "ஆப்பிரிக்கத் தேக்கு" என்ற பெயரில் தேக்கே அல்லாத வேறு மரங்களும் விற்கின்றன. பெயரில் ஆப்பிரிக்கா சேர்ந்தால் என்ன மரம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஊர்ப் பெயரைவிட வெட்டுமுகம் உண்மை சொல்லும். சட்டத்தின் முனையைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் பழுப்பாக வைரம், ஓரத்தில் வெளுத்த மஞ்சளாக வெளிறு. வெளிறைத்தான் வண்டும் கரையானும் முதலில் தேடி வரும். அதன் மேல் கலர் பூசியிருந்தால் கத்தியால் ஒரு சுரண்டு சுரண்டினால் வெளுப்பு தெரியும். நெடுஞ்சட்டத்தில் துளி வெளிறும் கூடாது. ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் நல்ல கடைகளில் இருக்கும். 12 முதல் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமுள்ள மரத்தில் செய்த கதவு முதல் கோடையிலேயே சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே வெள்ளைக் கோடு காட்டும். பலகை சுருங்கி, பாலிஷ் படாத பகுதி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

பலகையை ஃபெவிகால் போட்டுச் சட்டத்தின் காடியில் இறுக்க விடாதீர்கள். பலகை சுருங்கவும் விரியவும் இடம் வேண்டும். இறுக்கி ஒட்டினால் ஒரு நாள் நடுவில் வெடிக்கும்.

ஐப்பசி வந்தால் கதவு இறுகிப்போகிறது. ஆசாரி ஆண்டுதோறும் இழைக்கிறார். இப்போது சித்திரையில் இடுக்கு வழியாகத் தெருவே தெரிகிறது.
– வாசகர், சிதம்பரம்

இழைத்ததுதான் தவறு. மழைக்காலத்தில் ஈரம் குடித்து விரிந்த மரத்தைச் செதுக்கினால் கோடையில் அது சுருங்கும்போது இடுக்கு விழத்தான் செய்யும்.

முதலில் ஈரம் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துக் கதவைத் திறந்து நிறுத்தி அடிவிளிம்பைப் பாருங்கள். பாலிஷே படாமல் பச்சை மரமாக இருக்கும். மேல் விளிம்பும் அப்படித்தான் இருக்கும். கதவை மாட்டிய பிறகு பாலிஷ் போடுகிறார்கள், அடியில் பிரஷ் போகாது, யாரும் கழற்றுவதில்லை. நெடுஞ்சட்டத்தின் வெட்டுமுகம் அங்கேதான் இருக்கிறது. மரம் நீரை உறிஞ்சுவதில் வெட்டுமுகத்துக்கு நிகர் வேறு முகம் கிடையாது.

பங்குனி, சித்திரையில் கதவைக் கழற்றி, மேல், கீழ், பக்க விளிம்புகள், கீல் பள்ளம், பூட்டுத் துளை எல்லாவற்றுக்கும் சீலர் இரண்டு கோட், மேல் பூச்சு இரண்டு கோட் கொடுங்கள். இப்போது விழுந்துள்ள இடுக்குக்கு, பூட்டுப் பக்க விளிம்பில் அதே மரத்தில் ஒரு பட்டை ஒட்டி அளவுக்கு இழைக்கலாம்.

அதன் பிறகும் இறுகினால் நிலைக்கும் கதவுக்கும் நடுவே கார்பன் பேப்பரை வைத்து மூடித் திறங்கள். கறை படிந்த இடம்தான் உரசும் இடம். கறை பூட்டுப் பக்கம் மேல் மூலையில் மட்டும் இருந்தால் அது ஈரத்தின் வேலை அல்ல. மேல் கீல் தளர்ந்து கதவு தொங்குகிறது. ஸ்க்ரூ ஓட்டையில் ஃபெவிகால் தோய்த்த மரக்குச்சியை அடித்து, காய்ந்ததும் புதிதாகத் துளையிட்டு முடுக்குங்கள். மூடிய கதவு தானாக ஸ்பிரிங் போலத் திரும்பி வருகிறதென்றால் கீல் பள்ளம் ஆழமாகிவிட்டது. கீலின் அடியில் சன்மைக்கா துண்டு ஒன்றைக் கொடுத்தால் போதும். இழைப்புளியை எடுப்பது இவை எல்லாம் பார்த்த பிறகுதான்.

தினமும் வாசல் தெளித்து, வெள்ளிக்கிழமை வாசப்படிக்கு மஞ்சள் பூசுவோம். வாசப்படி மரமும் கால்களின் அடியும் உளுத்துவிட்டன. நிலையையே மாற்ற வேண்டுமா? மாமியார் வாக்கர் வைத்து நடக்கிறார், படி தடுக்குகிறது.
– வாசகி, கும்பகோணம்

மஞ்சள் மேல் பழி போடாதீர்கள், தண்ணீர்தான் காரணம். வாசக்காலின் வெட்டுமுகம் சிமென்டில் புதைந்திருக்கும். தரையில் ஊறும் நீரை அது திரி போல மேலே இழுக்கும்.

முழு நிலையையும் பெயர்க்க வேண்டியதில்லை. உளுத்த பகுதிக்கு மேல் நல்ல மரம் தொடங்கும் இடம் வரை அறுத்தெடுத்து, அதே கனத் தேக்குத் துண்டை 6 இஞ்ச் பாதிக்குப் பாதி இணைப்பாக (இரண்டு துண்டிலும் பாதிக் கனத்தைச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி), எபாக்ஸி பசையும் எஸ்.எஸ். ஸ்க்ரூவும் போட்டு ஒட்டலாம். உளுப்பு ஒரு முழத்துக்கு மேல் ஏறியிருந்தால் மட்டும் கால் முழுவதும் மாற்றுங்கள். மர வாசப்படியை எடுத்துவிட்டுக் கிரானைட் போடுங்கள். வெளிப்பக்கம் அரை இஞ்ச் நீட்டி, தெருப் பக்கம் ஒரு நூல் சாய்வு கொடுத்தால் நீர் உள்ளே திரும்பாது. கால்களின் அடிமுகத்தில் எபாக்ஸி பூசிக் கல்லின் மேல் நிறுத்துங்கள், சிமென்டுக்குள் புதைக்காதீர்கள். மஞ்சளும் குங்குமமும் கல்லின் மேல் தாராளமாக வைக்கலாம்.

வாக்கருக்காகக் கல்லைத் தரையிலிருந்து அரை இஞ்சுக்கு மேல் உயராமல் வைத்து, விளிம்பை உருட்டிவிடச் சொல்லுங்கள். உயரம் கட்டாயம் வேண்டுமென்றால் இஞ்சுக்கு ஒரு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் வேண்டும். 3 இஞ்ச் படிக்கு 3 அடி.

மாவிலைத் தோரணத்துக்கு நிலையில் ஆணி அடிக்கும் வழக்கமும் இருக்கும். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு புதிய ஆணி. பாலிஷ் விரிசல் விடும் முதல் இடம் அதுதான். இரண்டு பித்தளைக் கொக்கியை நிரந்தரமாக மாட்டிவிடுங்கள்.

ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா? நிலை 3½ அடிதான்.
– வாசகர், தேனி

ஒற்றை. 3½ அடியை இரண்டாகப் பிளந்தால் ஒரு கதவு ஒன்றரை அடிதான் வரும். ஆள் நுழையவே தினமும் இரண்டையும் திறக்க வேண்டும். இரட்டைதான் வேண்டுமென்றால் நிலை 4 அடிக்குக் குறையக் கூடாது. அப்போதும் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று ஒன்றரைக் கதவாகப் பிரிப்பது நடைமுறைக்கு உதவும்.

விரல் ரேகைப் பூட்டு வாங்கப் போகிறேன். எந்தக் கதவுக்கும் பொருந்தும் என்கிறார்கள்.
– வாசகர், கோவை

பொருந்தாது. பூட்டின் உடல் உட்கார 20 முதல் 25 மி.மீ. அகலப் பள்ளம் எடுக்க வேண்டும். 32 மி.மீ. கதவில் அப்படி எடுத்தால் இருபுறமும் 4, 5 மி.மீ. மரம்தான் மிஞ்சும், ஓங்கி ஒரு தள்ளு தள்ளினால் பிளந்துவிடும். 38 மி.மீ.க்குக் குறைந்த கதவில் இதை யோசிக்க வேண்டாம். நெடுஞ்சட்டத்தின் அகலத்தையும் பாருங்கள். 4½ இஞ்சாவது இருக்க வேண்டும். இன்னொன்று: நடுக்குறுக்குச் சட்டத்தின் கழுந்து (செருகு முனை) நெடுஞ்சட்டத்துக்குள் நுழையும் இடத்திலேயே பூட்டுக்குப் பள்ளம் எடுத்தால் கழுந்து அறுந்துவிடும், கதவின் இடுப்பு போன மாதிரி. பூட்டை வாங்கிவிட்டு, அதன் அளவுத் தாளை ஆசாரி கையில் கொடுத்த பிறகு கதவு செய்யச் சொல்வதே முறை.

ரீசார்ஜ் பேட்டரி போடாதீர்கள். அது 1.2 வோல்ட், பூட்டு சீக்கிரமே பேட்டரி தீர்ந்தது என்று கத்தும். ஆல்கலைன் போடுங்கள். பேட்டரி முழுவதும் இறங்கினால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனையும், சாவித் துளையும் உள்ள மாடலாகப் பாருங்கள். அந்தச் சாவியை வீட்டுக்குள் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், கோலமாவு ஒட்டிய விரலையும் பூட்டு ஏற்காது. அவர்களுக்கு எண் அல்லது கார்டு வைத்துக் கொடுங்கள்.

அடுக்ககத்தில் மரக்கதவுக்கு வெளியே கொசுவலையுடன் கிரில் கதவும் போட வேண்டும். ஒரே நிலையில் முடியுமா?
– வாசகி, சென்னை

முடியும், இரட்டைக் காடி நிலையாக இருந்தால். இரண்டு கதவும் மூடியிருக்கும்போது அவற்றுக்கு இடையே 3 இஞ்ச் இடைவெளி வேண்டும். அதைக் கணக்கில் எடுக்காமல் 5 இஞ்ச் நிலையில் இரண்டையும் திணித்தால் மரக்கதவின் கைப்பிடி கிரில்லில் இடித்து ஏதோ ஒன்று மூடாது. இருக்கும் நிலை குறுகலானால், கிரில்லுக்குத் தனியாக இரும்புச் சட்டம் ஒன்றைச் சுவரின் வெளிமுகத்தில் போல்ட் வைத்து மாட்டுங்கள். பொதுவழியில் கிரில் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் படி ஏறும் பாதை மறையுமா என்று பார்த்து, சங்கத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். கரையான் தொல்லையும் உண்டு. இரும்புக் கதவு போட்டுவிடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

கரையானுக்குத் தீர்வு, உப்புக் காற்றுக்கு அல்ல. துத்தநாகம் பூசிய தகட்டில் பவுடர் கோட்டிங் செய்ததாக இருக்கட்டும். அடியில் ஒரு கீறல் விழுந்தாலும் துரு அங்கிருந்துதான் கிளம்பும், உடனே டச்சப் செய்ய வேண்டும். மேற்கு பார்த்த வாசலானால் மாலையில் கைப்பிடி சுடும். தரை டைல்ஸ் போட்டு முடித்த பிறகே அளவு கொடுங்கள். மரம்போல அடியில் இழைத்துக் குறைக்க முடியாது. கீல் எதுவானாலும் உங்கள் ஊருக்கு 316 தர எஸ்.எஸ்.

மேற்கு பார்த்த தேக்குக் கதவு. பளபளவென்று மெலமைன் பாலிஷ் போட்டோம். ஒரு வருடத்தில் தோல் உரிவதுபோல் உரிகிறது.
– வாசகர், மதுரை

மெலமைன் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு. வெயில் அந்தக் கண்ணாடிப் படலத்தின் வழியே புகுந்து அடியிலுள்ள மரத்தின் மேற்பரப்பைச் சிதைக்கிறது. பிடிமானம் போனதும் படலம் தனியே எழும்புகிறது. மேலேயே இன்னொரு கோட் அடித்தால் அதுவும் சேர்ந்து உரியும்.

பெயின்ட் ரிமூவரால் பழையதை முழுக்க எடுங்கள். 120, 180, 240 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றி, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷ் ஏறிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, பூச்சு பிடிக்காமல் போக அதுவும் ஒரு காரணம். தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு அன்றைக்கே முதல் கோட் போட வேண்டும். வெளிப்புற உபயோகத்துக்கான, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு, அதுவும் சற்று நிறம் கலந்ததாக, மூன்று கோட். நடுவில் 320 தாளால் லேசாக வருடல். காலை பத்துக்கு மேல், மாலை நான்குக்குள். மழை மூட்டத்தில் அடித்தால் படலம் வெள்ளை பூத்துவிடும்.

பளபளப்பு முக்கியமில்லை என்றால் படலமே இல்லாத மர எண்ணெய் போதும். ஆண்டுக்கு ஒரு முறை துணியில் தொட்டுத் தேய்த்தால் முடிந்தது, உரிவதற்கு எதுவும் இல்லை. எங்கள் ஓட்டு இதற்குத்தான். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிட்ட பிறகு எறியுங்கள்.

காரைக்குடியில் பழைய வேலைப்பாட்டுக் கதவு ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். எங்கள் தாத்தா காலத்து வீட்டில் பொருத்த என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, புதுக்கோட்டை

பழைய கதவுகள் பலவற்றுக்குக் கீல் இருக்காது, மேலும் கீழும் குடுமி இருக்கும். நிலையிலுள்ள குழியில் அது சுழலும். ஆகவே கதவை மட்டும் வாங்கினால் பாதிதான் வாங்கியதாகும், நிலையோடு சேர்த்து வாங்குங்கள். உயரமும் இன்றைய கதவைவிடக் குறைவாகவே இருக்கும். தலை இடிக்காத உயரம் வேண்டுமென்றால் மேலே கண்ணாடி அல்லது மரச்சட்டப் பலகணி ஒன்று சேர்க்க வேண்டிவரும். குடுமி தேய்ந்திருந்தால் அடியில் பித்தளைக் குப்பி செருகலாம்.

அதைவிட முக்கியம் உங்கள் வீட்டுச் சுவர். தாத்தா காலத்து வீட்டில் வாசலுக்கு மேல் லிண்டல் (சுவரைத் தாங்கும் குறுக்கு விட்டம்) இல்லாமல், நிலையின் மேல்சட்டமோ ஒரு மரப்பலகையோ சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். மேலே சுண்ணாம்புப் பூச்சை ஓர் அடி உரித்துப் பாருங்கள். கான்கிரீட்டோ கல்லோ தெரியாவிட்டால் இருபுறமும் முட்டுக் கொடுக்காமல் நிலையைத் தொடக் கூடாது. புதிதாக லிண்டல் வைத்தால் இருபுறமும் 6 இஞ்சாவது சுவரில் ஏறி உட்கார வேண்டும். நிலையின் சுவரைத் தொடும் முகங்களில் தார் பூசி, பக்கத்துக்கு மூன்று கிளாம்ப் வைத்து, சிமென்டை ஏழு நாள் நனைத்த பிறகே கதவை ஏற்றுங்கள்.

பழைய மரத்தை இழைப்பு மெஷினில் கொடுக்கும் முன் ஒரு காந்தத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். தலை போன ஆணிகள் உள்ளே இருக்கும். ஒன்று மாட்டினாலும் பிளேடு போச்சு, அதற்கான காசையும் ஆசாரி உங்கள் கணக்கில்தான் எழுதுவார்.